கடவுச்சீட்டுக் கிடைத்த பின்னர்

ஒரு நாட்டின் குடியுரிமையை வேண்டி விண்ணப்பம் எழுதுபவரின் மனத்தில் நிற்கும் வினா ஒன்றே. கிடைக்குமா, கிடையாதா என்பதே அது. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கே ஆண்டுகள் பல கழிந்துவிடுவதுண்டு. ஆதலால், "உமது விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற கடிதம் கைக்கு எட்டிய அன்று, அலைச்சல் யாவும் முடிந்தன என்று எண்ணுதல் மனித இயல்பு. ஆயினும், ஏற்றுக்கொள்ளப்பட்ட விண்ணப்பம் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும், இடையில் அவர் எவற்றையெல்லாம் கடக்க வேண்டும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் சிலரே. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து இந்தியா சென்ற பல இலட்சம் மக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அம்மக்களின் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த கதை யாவரும் அறிந்ததே. 1820ஆம் ஆண்டுகளில் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் தொடங்கியபோது, தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கங்காணிமார் மூலம் அழைத்துவரப்பட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிய தொழிலாளி, தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு லயத்தில் தங்கினான். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், ஆண்டு முழுவதும் ஆளும் வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, நோய் உண்டா என்று சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அந்த மண்டபம் முகாம் பின்னொரு காலத்தில் இதே மக்களின் பேரப்பிள்ளைகளை எதிர்த்திசையில் வரவேற்க நேரும் என்று அன்று எவரும் கருதியிரார்.

1939இல் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. எனவே, 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது தோட்டங்களில் வாழ்ந்தோருள் பெரும்பாலார் நெடுங்காலம் இங்கே தங்கியவர்களும் இங்கேயே பிறந்தவர்களுமாவர். எனினும் அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை வழியையும் பாட்டன் வழியையும் பிறப்புச் சான்றுகளால் நிறுவுமாறு கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் எங்கிருந்து கிடைக்கும்? அடுத்த ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுவோர் பதிவு பெறலாம் என்றது அச்சட்டம். அதன்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அடங்கிய விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இந்தியாவும் எஞ்சியோரைத் தன் மக்கள் என ஏற்கவில்லை. இவ்வாறு இரு நாட்டுக்கும் உரியரல்லாத நாடற்றோர் கூட்டமொன்று உருவாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில், இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என்றும் முடிவாயிற்று. அப்பகுதியினரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இப்பணி பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற வேண்டும் என்பது திட்டம். பங்கிடப்படுகின்ற மக்களிடமோ அவர்தம் தலைவர்களிடமோ கருத்துக் கேட்கப்படவில்லை என்று தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் முதலானோர் குறைகூறினர். அக்குறை நியாயமானதே. 

ஒப்பந்தம் எழுதப்பட்டு இரு மாதமும் நிறைவதற்குள் இயற்கையும் தன் பங்குக்கு ஒரு மாற்றத்தைச் செய்தது. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. நூறாயிரக்கணக்கானோர் வந்துபோன அந்தத் துறைமுகம் மணல்மேடாயிற்று. இந்தியா செல்வோர் இனி இராமேஸ்வரத்திலேயே கரையிறங்க வேண்டியதாயிற்று.

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் இலங்கையில் 1967இல் நிறைவேறியது. 1968இல் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியுடன் அக்காலம் முடிவுற்றது. ஒவ்வொரு குடும்பமும் எந்த நாடு என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் போட்டவர்களின் கணக்குக்கும் மக்களின் விருப்பத்துக்கும் இருந்த இடைவெளி அப்போது வெளிப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை எதிர்பார்த்த இடத்தில், இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஏறத்தாழ 4 இலட்சம் பேரே. இலங்கைப் பிரசாவுரிமை கேட்டோரோ, ஒதுக்கப்பட்ட 3 இலட்சத்தின் இருமடங்கையும் கடந்தனர்.

இந்தியக் குடியுரிமை வேண்டினோர், கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயத்துக்கோ கண்டியிலுள்ள உதவி உயர் ஸ்தானிகராலயத்துக்கோ சென்றனர். தோட்டத்துப் பதிவேடு, பிறப்பத்தாட்சி, விவாகப் பதிவு முதலிய ஆவணங்கள் கேட்கப்பட்டன. தந்தையின் பெயரும் தமிழகத்துப் பூர்வீக ஊரும் கூற வேண்டும். பாட்டன் சொல்லக் கேட்ட ஊரின் பெயரை நினைவிலிருந்து கூறியோர் பலர். அவ்வூரின் வட்டமும் மாவட்டமும் அறியாதார் அவரினும் பலர். விசாரணை முடிந்து விண்ணப்பம் ஏற்கப்பட்டதும், இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி அவர் இந்தியப் பிரசையாகப் பதிவு செய்யப்பட்டார். கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. நாடற்றவர் என்ற பெயர் அன்றோடு நீங்கியது. அதே கணத்தில், தாம் பிறந்த நாட்டில் அவர் அந்நியரானார்.

இந்த இரண்டாவது விளைவையே பலர் முதலில் உணரவில்லை. கடவுச்சீட்டு உள்ளவர் இலங்கையில் தங்குவதற்கு வதிவிட விசா பெற வேண்டும். ஒப்பந்தத்தின்படி அவ்விசாவுக்குக் கட்டணம் இல்லை. தொழில் செய்துகொண்டிருப்பவர், தம் பயணத்துக்குரிய முறை வரும்வரையோ, ஐம்பத்தைந்து வயது நிறையும்வரையோ, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, தம் தொழிலில் நீடிக்கலாம் என்றும் ஒப்பந்தம் கூறிற்று. தாளில் எழுதப்பட்டபோது இது சலுகையாகத் தோன்றியது. லயத்து வாழ்வில் அதன் பொருள் வேறு. நாற்பது வயதுத் தொழிலாளிக்கு, இன்னும் எத்தனை மாதம் இவ்வறையில் இருக்கலாம் என்பது தெரியாது. வாசலில் கறிமுருங்கை நடுவதா வேண்டாமா, மகளுக்கு இங்கேயே மாப்பிள்ளை தேடுவதா அக்கரையில் தேடுவதா, மகனை அடுத்த வகுப்புக்கு அனுப்புவதா என்ற சிறிய கேள்விகளுக்கெல்லாம் விடை, எங்கோ ஓர் அலுவலகத்துப் பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவது என்பதில் தங்கியிருந்தது.

அப்பட்டியல் நகர்ந்த விதமும் அறியத்தக்கது. ஏழு பேர் இந்தியாவுக்கு, நான்கு பேர் இலங்கைக்கு என்ற விகிதப்படி இரு பணிகளும் இயன்றவரை சமகாலத்தில் நிகழ வேண்டும் என்பது உடன்பாடு. 1971இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின்னர், இந்தியர் எனப் பதிவுபெற்றோரின் தொகை கணக்கில் கொள்ளப்படவில்லை. உண்மையில் நாட்டை விட்டுச் சென்றோரின் தொகைக்கு ஏற்பவே இலங்கைப் பிரசாவுரிமை வழங்கப்பட்டது. ஆகவே, ஒரு தோட்டத்தில் ஏழு பேர் கப்பலேறத் தாமதித்தால், மற்றொரு தோட்டத்தில் நான்கு பேரின் சான்றிதழ் தாமதித்தது. ஒருவர் மற்றவரை அறியார்; ஆயினும் ஒருவர் தலைவிதி மற்றவர் பயணத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது.

குடும்பங்களின் நிலை இதனினும் சிக்கலானது. பராயமடைந்த பிள்ளைகள் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முதிய பெற்றோர் இந்தியா என்று எழுதியிருப்பர். மூத்த மகன் இலங்கை என்று எழுதியிருப்பான். மணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குச் சென்ற மகளின் பெயர் கணவன் வீட்டார் விண்ணப்பத்தில் இருக்கும். விண்ணப்பம் எழுதிய காலத்தில் இவை ஒரே மலையில் வாழ்ந்த உறவினர் நிரப்பிய வெவ்வேறு படிவங்கள் மட்டுமே. விடைகள் வந்தபோது அவை வெவ்வேறு நாடுகளாயின. இரு அரசாங்கங்களும் தலைகளை எண்ணின, குடும்பங்களை எண்ணவில்லை. இவ்வொப்பந்தத்தின் குறைகளுள் மிகப் பெரியது எது என்று கேட்பின், இதனையே முதலிற் கூற வேண்டும்.

இத்தனைக்கும் மத்தியில், இந்தியா செல்லக் கடவுச்சீட்டுப் பெற்ற பலர் புறப்பட அவசரப்படவில்லை. அவர்களைப் பெயர்த்தெறிந்தவை பெரும்பாலும் வேறு நிகழ்ச்சிகள். 1973ஆம் 1974ஆம் ஆண்டுகளில் நாட்டில் ஏற்பட்ட உணவுப் பஞ்சம் தோட்டங்களையே கடுமையாகத் தாக்கியது. பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தன. பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானமையும் பலரின் தொழிலையும் இருப்பிடத்தையும் நிச்சயமற்றனவாக்கின. 1977ஆம் ஆண்டின் இனக் கலவரம் எஞ்சியிருந்த துணிவையும் குலைத்தது. விரும்பிச் சென்றோர் தொகையும் அஞ்சிச் சென்றோர் தொகையும் ஒரே புள்ளிவிபரத்தில் அடங்கிவிட்டன.

பயணம் உறுதியானதும் கணக்குத் தீர்க்கும் வேலை தொடங்கும். ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உள்ளிட்ட தம் உடைமை யாவற்றையும் கொண்டுசெல்ல இலங்கை இசைந்திருந்தது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படமாட்டாது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. இவ்வாசகத்தைச் செவிவழி கேட்ட சிலர், தலைக்கு நாலாயிரம் அரசாங்கம் கொடுக்கும் என்று எண்ணினர். உண்மை அதுவன்று. தாம் உழைத்துச் சேர்த்ததை எடுத்துச் செல்லலாம் என்பதே அதன் கருத்து. சேர்த்தது குறைவாயின் எடுத்துச் செல்வதும் குறைவே. சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன் முப்பதாண்டு உழைத்தவருக்கும் அந்த முப்பதாண்டுக்கு அந்நிதியில் ஒரு சதமும் இல்லை. தோட்டத்துப் பேரேட்டில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயரும் இருந்தாலோ, எழுத்தொன்று மாறியிருந்தாலோ, அத்தொகையைப் பெறுவதற்கும் அலைய வேண்டும். பேரேட்டில் இராமாயி என்றும் கடவுச்சீட்டில் ராமாய் என்றும் இருப்பின், இருவரும் ஒருவரே என நிறுவுவது அப்பெண்ணின் பொறுப்பாயிற்று.

பின்னர் பொருள்களைப் பிரிக்கும் நாள் வரும். ஆடு, மாடு, கோழி ஆகியன விற்கப்படும். அவசரத்தில் விற்பவனுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை என்பது உலகறிந்தது. அம்மி, ஆட்டுக்கல் முதலியன உறவினர் வீட்டுக்குப் போகும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை நடக்கும். தப்பும் காமன்கூத்தும் அறிந்த கலைஞன் ஒருவன் புறப்பட்டுவிட்டால், அடுத்த ஆண்டில் அத்தோட்டத்தில் கூத்து நின்றுவிடுவதும் உண்டு.

மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். அப்பெயருக்கு விளக்கம் தேவையில்லை. மேடையில் நின்றோரும் பெட்டிக்குள் இருந்தோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதனர். இறந்தவருக்குப் பாடும் ஒப்பாரியை உயிரோடிருப்பவருக்குப் பாடினர். பிரிவோர் மீண்டும் சந்திக்க வேண்டுமாயின் இரு நாட்டு விசாவும் கப்பற் செலவும் வேண்டும். நாட்கூலி வாங்குவோருக்கு இரண்டும் எட்டாதவை. தலைமன்னார் இறங்குதுறையில் சுங்கச் சோதனையும் கடவுச்சீட்டுச் சோதனையும் நடந்தன. அங்கே குத்தப்பட்ட முத்திரையோடு இலங்கையில் அவர்தம் கணக்கு முடிந்தது. சில மணி நேரக் கடற்பயணம் அவர்களை இராமேஸ்வரத்தில் சேர்த்தது. பாட்டன் நடந்தும் படகேறியும் கடந்த நீரிணையைப் பேரன் அரசாங்கச் செலவில் கடந்தான்.

கரையிறங்கியோர் மண்டபம் முகாமுக்குச் சென்றனர். தொற்றுநோய்ச் சோதனைக்கென அமைந்த அம்முகாம் இப்போது இடைத்தங்கல் நிலையமாயிருந்தது. அவர்கள் கையில் கடவுச்சீட்டோடு மற்றுமொரு தாளும் இருந்தது. இந்திய உயர் ஸ்தானிகராலயம் இலங்கையிலேயே வழங்கிய குடும்ப அட்டை அது. குடும்பத்தில் எத்தனை பேர், எந்த உதவித் திட்டத்துக்கு உரியவர், எந்த மாவட்டத்துக்குச் செல்ல வேண்டியவர் என்பன அதிலே குறிக்கப்பட்டிருந்தன. அக்கரையில் எல்லா உதவிக்கும் அதுவே திறவுகோல். ஆனால் அதனை நிரப்பியது இலங்கையில். பயன்படுத்த வேண்டியது இந்தியாவில். தாம் பார்த்திராத ஊரில், தமக்குத் தெரியாத தொழிலைத் தேர்ந்தெடுத்துக் கையொப்பமிட்டவர்கள் அதன் பலனை மண்டபத்திலே நின்று உணர்ந்தனர்.

இந்திய மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் முறையன்று. தேயிலை வேலையன்றி வேறறியாதாருக்காக நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்திலும், கேரளத்தின் புனலூர்ப் பகுதியிலும், கர்நாடகத்தின் தென்பகுதியிலும், நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலிலும் இறப்பர்த் தோட்டங்களில் சிலர் குடியமர்த்தப்பட்டனர். நூற்பாலைகளில் சிலருக்கு வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்கென 1969இல் சென்னையில் ஒரு கூட்டுறவு வங்கி நிறுவப்பட்டது. 'ரெப்கோ' என்ற பெயரில் அது இன்றும் இயங்குகின்றது. மலைத்தோட்டத்தில் வேலை பெற்றோர் ஓரளவு நிலைபெற்றனர். அவர்களுக்குத் தெரிந்த தொழிலும் பழகிய குளிரும் அங்கே இருந்தன.

ஆயினும், தோட்டங்களில் இடம் பெற்றோர் சிறு பகுதியினரே. மிகப் பலருக்கு ஒதுக்கப்பட்டது வியாபாரக் கடன். குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபா கடன் கொடுத்து, பெட்டிக்கடையோ காய்கறி வியாபாரமோ நடத்தச் சொல்வது அத்திட்டம். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைக்குத் தராசு பழக்கமில்லை. சம்பளநாளும் தோட்டத்துக் கடையும் அறிந்தவருக்கு முதலும் இலாபமும் புதியவை. கடன் தவணை தவணையாக வந்தது. முதற்றவணை வரும்வரை கையிலிருந்த சேமலாபப் பணத்தைத் தின்றனர். வந்த தவணையையும் தின்றனர். இடையில், படிவம் நிரப்புவதாகவும் பணம் பெற்றுத் தருவதாகவும் கூறிய தரகர்களுக்கு ஒரு பங்கு போயிற்று. பாட்டன் ஊரைத் தேடிச் சென்றவர்க்கு, அங்கே நிலமும் இல்லை, உறவும் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன்னர் வறுமையால் விட்ட ஊர் மூன்று தலைமுறைக்குப் பின்னர் அவரை எவ்வாறு வாழவைக்கும்? சிலர் மலைப்பகுதி எங்கே என்று விசாரித்துக் கொடைக்கானல், நீலகிரி ஆகிய இடங்களை அடைந்தனர். காட்டுவேலைக் குத்தகைக்காரரிடம் முன்பணம் பெற்று, அக்கடனைத் தீர்க்க வழியின்றிக் கொத்தடிமைகள் போல் வாழ்ந்தோரும் உண்டு.

பெயர் மாற்றமும் அவர்களைத் தொடர்ந்தது. இலங்கையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தபோது அவர்களை 'இந்தியாக்காரர்' என்றனர். இந்தியாவில் இறங்கியதும் 'சிலோன்காரர்' என்றனர். கையிலிருந்த கடவுச்சீட்டு இந்தியர் என்று கூறிற்று. அயலார் நா அதனை ஏற்கவில்லை. சட்டம் ஒரு நாளில் வழங்கும் உரிமையை ஊர் வழங்குவதற்கு ஒரு தலைமுறை செல்கின்றது.

இலங்கையில் தங்கும் உரிமை பெற்றோரின் நிலையும் ஒரு சொல்லில் முடிவதன்று. பிறப்பால் பிரசையானவரைச் சான்று காட்டுமாறு பொதுவாக எவரும் கேட்பதில்லை. பதிவால் பிரசையானவரோ தம் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கவும், காணி பெறவும், அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கவும் அத்தாளே ஆதாரம். தகரப் பெட்டியின் அடியில், தாலிக்கொடிக்கு அடுத்த இடத்தில் அது வைக்கப்பட்டிருந்தது. கலவரத்தில் லயம் எரிந்தபோது அதனோடு எரிந்த சான்றிதழ்களும் உண்டு.

இனி, விண்ணப்பம் ஏற்கப்பட்டும் புறப்படாதோர் கதை எஞ்சுகின்றது. ஒப்பந்தத்துக்குரிய காலம் 1981ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிந்தது. புதிய விண்ணப்பங்களை இனி ஏற்பதற்கில்லை என இந்தியா 1982இல் அறிவித்தது. அவ்வேளையில் ஏறத்தாழ 86 ஆயிரம் பேரின் விண்ணப்பங்கள் முடிவின்றிக் கிடந்தன. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் கப்பலேறாதோர் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் இருந்தனர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் போர் மூண்டது. 1984இல் தலைமன்னார் இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றது. ஏற்றுக்கொள்ளப்பட்ட விண்ணப்பம் கையில் இருந்தது. செல்லும் வழி அடைபட்டது. அக்காலம் வரை இந்தியா சென்றோர், ஒப்பந்தத் தொகையில் ஏறத்தாழ 3 இலட்சத்து 37 ஆயிரம் பேர். ஒப்பந்தத்தின் பின் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் 4 இலட்சத்து 60 ஆயிரத்தை அத்தொகை எட்டும்.

இங்கே எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்க 1986இலும் 1988இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. இறுதியாக, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி தொட்டு இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரசாவுரிமை அளித்தது. இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிவிட்டோரும் ஒரு பிரகடனத்தின் மூலம் அதனைப் பெற வழி செய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதியில், அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஸ்தானிகராலயத்தின் துணையோடு நடந்த பத்துநாள் இயக்கத்தில் 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுகளாகத் தீராதிருந்த காரியம் பத்து நாட்களில் தீரக்கூடியதாயிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. குறுக்கே நின்றது படிவங்களின் சிக்கல் மட்டுமன்று, மனமும் வேண்டியிருந்தது.

அக்கரை சென்றோரின் பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டு மக்களோடு மக்களாகியுள்ளனர். வாக்களிக்கின்றனர், படித்துப் பல தொழில்களிற் சேர்ந்துள்ளனர். ஆயினும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி ஆகிய இடங்களில் 'சிலோன்காரர்' என்ற சொல் இன்னும் வழக்கில் உண்டு. தேயிலைக் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கு ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் முடிவு செய்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் தம் குடியிருப்பு என்னவாகும் என்று அஞ்சினர். வேலை முடிந்தால் வீடும் முடியும் என்ற லயத்துச் சட்டம் கடல் கடந்தும் அவர்களை விடவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க உண்மைகள் தெளிவானவை. குடியுரிமை விண்ணப்பத்துக்கு உடன்பாடான விடை கிடைப்பது, நீண்ட பாதையின் ஒரு கட்டமே. அதன் பின் எந்நாளில் புறப்பட வேண்டும், எவரெவர் உடன் வருவர், எப்பொருளைக் கொண்டுபோகலாம், இறங்கும் இடத்தில் எத்தொழில் கிடைக்கும், பெயரும் வயதும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாய் உள்ளனவா, கொடுத்த உரிமைக்குக் காலவரம்பு உண்டா என்ற கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்கூட்டியே விடை தெரிந்தவர் ஓரளவு தப்பினர். தெரியாதவர் தரகரின் கையில் விழுந்தனர். தோட்டத்துத் தொழிலாளிக்கு அவ்விடைகளை அவர் மொழியில் பொறுமையாக எடுத்துரைப்பது இரு அரசாங்கங்களுக்கும் பெருஞ் செலவாயிருந்திராது.

மலைநாட்டுத் தேயிலைச் செடிகள் இன்றும் தளிர்க்கின்றன. நீலகிரியில் அதே மக்கள் நட்ட செடிகளும் தளிர்க்கின்றன. இரு மலைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் அத்தையும் மாமியும் மைத்துனியுமாவர். அவர்களுக்கிடையே கிடக்கும் கடல் சிறியது. விண்ணப்பம் ஒன்றின் ஒரு கட்டத்தில் இட்ட அடையாளமே அதனை இவ்வளவு அகலமாக்கியது.